பாண்டிச்சேரித் திரையில் நான் பேசிய நாள்

எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம், காரைக்காலில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். அலுவலகத்தின் பெயரும் என்னோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களும் வேண்டாம். அவர்களில் சிலர் இன்னும் காரைக்காலில்தான் இருக்கிறார்கள். கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னாராம். காய்ச்சல் இறங்கிக் கண் விழித்தபோது அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார், அதனால்தான் அம்மா ரகசியமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் பதில் சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது.

பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் குரலின் அளவு போய்விட்டது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நான் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் வெளி ஆட்கள் முன்னால் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை. வேறு வழியில்லாததால் வந்த வித்தை.

எங்கள் குடும்பம் காரைக்காலை அடுத்த பூவத்தில் நெல் பயிரிடும் குடும்பம். பத்தாவது முடித்ததும் அப்பா என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். வரி முடியப் போகிறது என்று மெஷின் மணி அடிக்குமே, அது எனக்குக் கேட்காது. அதனால் அடிக்கும்போதே அளவுகோலில் ஒரு கண் வைத்துக்கொள்வேன். ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர் இரண்டிலும் தேறினேன். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. அலுவலகத்தில் என்னைவிட வேகமாக அடிக்க ஆள் இல்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

அந்த வருஷம்தான் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையைத் தடுத்து, ஏ.சி. வைத்து, கதவில் கண்ணாடி போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்று பேச்சு வந்தபோது நானும் போய்க் கேட்டேன். சூப்பிரண்டு நல்ல மனிதர். என்னிடம் பேசும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராக முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

“தப்பா நெனைச்சுக்காதம்மா. இந்த மெஷின் பாண்டிச்சேரியோட சேர்ந்து வேலை செய்யுது. எல்லாமே போன்லதான். ஒரு நாளைக்குப் பத்து தடவை அவங்களோட பேசணும். உன்னால எப்படிம்மா முடியும்?”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு தம்பியைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இனிமேல் கடிதங்களையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே அடிப்பார்களாம், டைப்ரைட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்களாம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படியானால் நான்? தபால் பிரிவில் உறை ஒட்டப் போடுவார்கள் என்று பக்கத்து இருக்கை அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்தான் அலுவலகத்தில் எனக்குக் காது. கூட்டத்தில் பேசுவதையெல்லாம் எனக்குச் சுருக்கிச் சொல்வது அவர்தான்.

ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போதெல்லாம் என் கால் தானாக நின்றுவிடும். தட்டச்சுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் விரல் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே என்ன அடிக்கிறார் என்று தெரிந்துவிடும். தம்பி இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார். ஒரு நாள் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே கதவைத் திறந்தார்.

“உள்ள வாங்கக்கா. ஒண்ணு காட்டறேன்.”

போனை எடுத்து எண்ணைச் சுழற்றினார். ஏதோ பேசினார். பிறகு போனுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினார். போனைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் கருப்புத் திரையில் பச்சை எழுத்துக்கள் மேலிருந்து கீழே வரிவரியாக வந்து நிறைந்தன.

“இது நம்ம கம்ப்யூட்டர் இல்லக்கா. பாண்டிச்சேரியில இருக்கற கம்ப்யூட்டரோட ஸ்கிரீன். அங்க என்ன தெரியுதோ அதேதான் இங்கயும் தெரியும். அங்க அடிச்சா இங்க வரும். இங்க அடிச்சா அங்க போவும்.”

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விசைப்பலகையை யாரும் தொடவில்லை. ஆனால் திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் எழுத்து தவறாக விழுந்தது. அடுத்த நொடி அது அழிந்து அந்த இடத்தில் சரியான எழுத்து வந்தது. நான்கு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ஊரில் ஒரு மனிதர் உட்கார்ந்து, தப்பாக அடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவதை நான் இங்கிருந்து பார்க்கிறேன்!

திரையின் அடியில் கோடு போட்டு இரண்டு வரி காலியாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

“ரெண்டு பக்கமும் பேசிக்கறதுக்கு. ஸ்கிரீன் வந்துடுச்சுன்னா போன்ல குரல் போவாதுல்ல, ஒரே லைன்தானே. அதனால எழுதிக் கேக்கறதுக்காக வெச்சிருக்காங்க. நான் அதைத் தொடறதே இல்ல. எவன் எழுத்துக்கூட்டி அடிக்கறது? வேலை முடிஞ்சதும் கட் பண்ணிட்டு மறுபடி போன் போட்டுப் பேசிடுவேன்.”

நான் என் இருக்கைக்குத் திரும்பினேன். எல்லாமே போனில்தான் என்று சொன்னார்களே, திரை வந்ததும் இவர் போனைக் கீழே வைத்துவிடுகிறாரே என்று மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அதை யாரிடமும் போய்ச் சொல்லும் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் பஸ் ஸ்ட்ரைக் வந்தது.

காரைக்கால்காரர்களுக்கு இதில் உள்ள சங்கடம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் தலைநகரம் பாண்டிச்சேரி. ஆனால் அங்கே போக வேண்டுமானால் வழியெல்லாம் தமிழ்நாடு. ஸ்ட்ரைக் தமிழ்நாட்டில் நடந்தது, மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். அந்த வாரம்தான் பாண்டிச்சேரியில் பாலிடெக்னிக் படிப்புகளுக்கு இரண்டு நாள் சீட் ஒதுக்குவதாக இருந்தது. மதிப்பெண் வரிசைப்படி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் போய், காலியாக இருக்கும் படிப்புகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள் இல்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். வராதவர்களுக்குக் கடைசியில் மிச்சம் மீதி இருப்பதுதான்.

பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று பெற்றவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்டார்கள். வசதி உள்ள சிலர் வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டார்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சூப்பிரண்டு பாண்டிச்சேரிக்குப் போன் போட்டு மன்றாடினார். கடைசியில் அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். சீட் ஒதுக்கும் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரையை அந்த இரண்டு நாளும் காரைக்காலுக்கும் காட்டுவார்கள். காரைக்கால் பிள்ளைகள் எங்கள் அலுவலகத்தில் இருந்துகொண்டே, திரையைப் பார்த்துத் தங்கள் படிப்பைச் சொல்லலாம். ஆனால் முறை வந்ததும் உடனே பதில் வந்துவிட வேண்டும், அங்கே ஹால் நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள்.

முதல் நாள் காலையில் அலுவலக வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. திருநள்ளாறு, நிரவி, கருக்களாச்சேரி என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். ஏ.சி. அறையின் கதவைக் கழற்றாத குறைதான். செருப்பைக் கழற்றும் சட்டமெல்லாம் அன்று யாருக்கும் நினைவில்லை. நான் என் மேஜையிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றேன்.

திரை வந்தது. ஒரு பக்கம் படிப்புகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் இன்னும் எத்தனை இடம் இருக்கிறது என்ற எண். நடுவில் அப்போது கூப்பிடும் பிள்ளையின் வரிசை எண். எண் மாறும், ஒரு படிப்பின் எதிரில் ஒன்று குறையும். கூட்டம் அப்படியே அசந்து போய்ப் பார்த்தது. “அங்க ஆரோ எடுத்துட்டான்” என்று ஒருவர் சொன்னதைப் படித்தேன்.

முதல் காரைக்கால் எண் வந்தது. ஒரு பையன் முன்னால் வந்து மெக்கானிக்கல் என்றான். தம்பி பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பேசினார். எப்படிக் கேட்கும்? லைன் முழுக்கத் திரைதானே ஓடிக்கொண்டிருக்கிறது! உடனே தொடர்பை வெட்டிவிட்டு மறுபடி எண்ணைச் சுழற்றினார். கிடைக்கவில்லை. அலுவலகத்தில் வெளியூருக்கு நேராகப் போகும் லைன் அது ஒன்றுதான். மற்ற போனில் டிரங்க் கால் பதிவு செய்தால் எப்போது கிடைக்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஒருவழியாகத் திரையைத் திரும்பக் கொண்டு வந்தபோது எண் எங்கேயோ போய்விட்டிருந்தது.

இரண்டாவது காரைக்கால் எண் வந்தது. இந்தத் தடவை தம்பி அடியில் இருந்த அந்த இரண்டு வரியில் எழுதப் பார்த்தார். பாவம், ஒரு விரலால் எழுத்தைத் தேடி, தப்பாக அடித்து, அழித்து, பாதி வார்த்தை முடிப்பதற்குள் எண் மாறிவிட்டது.

கூட்டத்தின் சத்தம் எனக்குக் கேட்காது. ஆனால் முகங்கள் தெரியுமே. கோபம், பயம், சில அம்மாக்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அந்த முதல் பையன் சுவரோடு சாய்ந்து நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் தம்பியின் சட்டையைப் பிடிக்கப் போனார், இரண்டு பேர் விலக்கிவிட்டார்கள். சூப்பிரண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னதை நான் பக்கவாட்டில் இருந்து படித்தேன்.

“விட்டுடுப்பா. போனைப் போட்டு, எங்களால முடியலன்னு சொல்லிடலாம். கடைசியில குடுக்கறதை வாங்கிக்குவோம்.”

அப்படிச் செய்திருந்தால் அங்கே நின்ற அத்தனை பிள்ளைகளுக்கும் மிச்சம் மீதிதான்.

என் கால் எப்படி நகர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், “நான் அடிக்கறேன் சார்!” என்றேன். அறையே திரும்பிப் பார்த்தது. எவ்வளவு பெரிய குரலில் சொன்னேனோ!

சூப்பிரண்டு என்னை நேராகப் பார்த்தார். “நீயாம்மா? போன்...” என்று ஆரம்பித்தார்.

“இதுல போனே இல்லையே சார்” என்றேன்.

அவர் மேஜையைப் பார்த்தார். போன் அதன் இடத்தில் சும்மா கிடந்தது. திரை ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தம்பி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். “உக்காருங்கக்கா, உக்காருங்க” என்று என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அந்த வயசில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? அதை நான் மறக்கவே மாட்டேன்.

விசைகள் என் டைப்ரைட்டரைவிட மெத்தென்று இருந்தன. எழுத்துக்களின் இடம் அதேதான். அடியில் இருந்த வரியில் ஆங்கிலத்தில் அடித்தேன். காரைக்காலில் இருந்து எழுதுகிறோம், இனிமேல் இங்கிருந்து பதில் உடனே வரும், இரண்டு பிள்ளைகள் எங்கள் தவறால் விட்டுப்போய்விட்டார்கள், அவர்களை அடுத்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு மூச்சை விட்டேன்.

பிறகு அடுத்த வரியில் எழுத்துக்கள் வந்தன.

இவ்வளவு வேகமாக அடிப்பது யார்?

சிரிப்பு வந்துவிட்டது. காரைக்கால் தட்டச்சர் என்று பதில் போட்டேன். பெரியவரைக் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை அடுத்த எண்ணுக்குத் தயாராக இருங்கள் என்று வந்தது.

நான் திரும்பி உட்கார்ந்தேன். என் குரலைப் பற்றிய வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ. “எனக்குக் காது கேக்காது. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல நில்லுங்க. என் மொகத்தைப் பாத்துப் பேசுங்க. ஒரு ஆளு மட்டும் பேசுங்க” என்றேன். கூட்டத்தில் ஒரு திகைப்பு தெரிந்தது. காது கேட்காத பெண்ணிடமா நம் பிள்ளையின் படிப்பைக் கொடுக்கிறோம் என்ற திகைப்பு. அடுத்த எண் திரையில் வந்துவிட்டது, திகைக்க நேரமில்லை.

அந்த எண்ணுக்குரிய பையனின் அப்பா திருநள்ளாற்றுப் பக்கம் விவசாயி. ஜன்னலோரம் வந்து நின்று ஏதோ சொன்னார். கன்னம் நிறைய வெற்றிலை. உதடு அசைவதே தெரியவில்லை.

“ஐயா, வெத்தலையைத் துப்பிட்டு வாங்க!” என்று கத்தினேன்.

அவர் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “சிவில் பாப்பா! சிவில்!” என்றார். பையனைப் பார்த்தேன், அவனும் தலையாட்டினான். அடித்தேன். திரையில் சிவிலுக்கு எதிரில் ஓர் எண் குறைந்தது, பக்கத்தில் அவனுடைய வரிசை எண் ஏறியது. அந்த மனிதர் திரையைத் தொட்டுக் கும்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அறையில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

அதற்கப்புறம் வேலை ஓடியது. அக்கா வாசலில் நின்று, அடுத்து வரப்போகும் காரைக்கால் பிள்ளைகளைத் தயாராக நிறுத்தினார். தம்பி திரையைப் பார்த்து எந்தப் படிப்பில் எவ்வளவு மிச்சம் என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் முகத்தைப் பார்ப்பது, அடிப்பது, முகத்தைப் பார்ப்பது, அடிப்பது. நடுநடுவே லைன் கெட்டு, திரையில் சம்பந்தமில்லாத எழுத்துக்கள் மணல் இறைத்தது போல விழும். அப்போது நான் எதையும் ஊகித்துக்கொள்ள மாட்டேன். தெளிவாக இல்லை, மறுபடி அடியுங்கள் என்பேன். அந்தப் பக்கம் சலித்துக்கொள்ளாமல் மறுபடி அடிப்பார்கள். வாழ்க்கையில் யாரிடமும் நான் இவ்வளவு சுலபமாக “மறுபடி சொல்லுங்க” என்று கேட்டதில்லை. கேட்டால் முகம் மாறுமோ என்று பயமாக இருக்கும். இங்கே பார்க்க முகமே இல்லை!

மத்தியானம் ஆகிவிட்டது. கருக்களாச்சேரியில் இருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மீனவக் குடும்பம். அவளோடு அம்மாவும் மாமாவும் இன்னும் இரண்டு உறவுக்காரர்களும். அவள் எண் வந்தபோது எலக்ட்ரானிக்ஸில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அம்மா ஏதோ சொன்னார். மாமா குறுக்கே விழுந்து, கையை ஆட்டிப் பேசினார். உறவுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். சூப்பிரண்டு அவர்களை அடக்கப் பார்த்தார். தம்பி காதைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்ற கூட்டமும், சீக்கிரம் சொல்லுங்கள், எண் போய்விடும் என்று கத்தியிருக்கிறது. யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒருவருக்கும் காதில் விழவில்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

எனக்கு எந்தச் சத்தமும் இல்லை. வாய்கள் மட்டும் அசைந்தன. அத்தனை வாய்களையும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்தேன். அவள் கூட்டத்துக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, என்னையே பார்த்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எலக்ட்ரானிக்ஸ். எலக்ட்ரானிக்ஸ்க்கா. எலக்ட்ரானிக்ஸ்.”

அந்த இரைச்சலில் அவள் சொன்னது கேட்ட ஒரே ஆள் நான்தான்.

அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். “எலக்ட்ரானிக்ஸ்தானே?” என்றேன். அவள் பலமாகத் தலையாட்டினாள். அவளுடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு, மாமாவை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

“அவ சொன்னதையே போடு தாயி. படிக்கப் போறவ அவதானே!”

அடித்தேன். திரை நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி. அங்கே வேறு யாராவது எடுத்துவிட்டார்களோ? பிறகு அந்த ஒன்று மறைந்து பூஜ்யம் வந்தது. பக்கத்தில் ஓர் எண் ஏறியது. அவளுடைய எண்.

தம்பி மேஜையை ஓங்கித் தட்டினார். அந்த அதிர்வு என் கை வரைக்கும் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அறை முழுக்கக் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். மாமாகூடத் தட்டினார், அவர் ஏன் தட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

காலையில் விட்டுப்போன இரண்டு பிள்ளைகளையும் பாண்டிச்சேரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு அவன் கேட்ட மெக்கானிக்கலே கிடைத்தது. மற்றவனுக்கு இரண்டாவதாக நினைத்திருந்ததுதான் கிடைத்தது. அது எனக்கு இன்னும் ஒரு குறைதான். ஆனால் அன்று காரைக்காலில் வந்து நின்ற பிள்ளைகளில் சீட் இல்லாமல் திரும்பிப் போனவர்கள் யாரும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு, திரையை வெட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு வரி வந்தது. இன்று உங்களால்தான் வேலை முடிந்தது, இணைப்பை விட்டதும் போன் செய்கிறேன், இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று இருந்தது.

நான் விசைகளின் மேல் கையை வைத்தேன். காலையிலிருந்து மணிக்கணக்காக அந்த முகம் தெரியாத மனிதரோடு பேசியிருக்கிறேன். அவர் வாயைப் பெரிதாகத் திறந்து எனக்காகப் பேசவில்லை. என்னைப் பார்த்துப் பாவம் என்று நினைக்கவில்லை. என்னை அவசரப்படுத்தினார், கேலி செய்தார், ஒரு தடவை கோபித்துக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார். ஏழாம் வகுப்புக்குப் பிறகு யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் சொன்னேன்.

எனக்குக் காது கேட்காது, அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதுங்கள் என்று அடித்தேன்.

அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் பச்சைக் கட்டம் மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஏன் சொன்னோம் என்று நினைக்க ஆரம்பித்தபோது ஒவ்வோர் எழுத்தாக வந்தது. நடுவில் ஒரு தப்பு விழுந்து, அழிந்து, திருத்தப்பட்டது.

எனக்குத் தெரியவே இல்லை. நாளை ஒதுக்கீட்டுக்கும் நீங்களே உட்காருங்கள்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த சூப்பிரண்டு என் முன்னால் வந்து நின்றார். “நாளைக்கு மட்டும் இல்லம்மா. உன் மேஜையை இங்கயே தூக்கிப் போடச் சொல்லிட்டேன். அடுத்த டிரெயினிங்குக்கு நீதான் போற” என்றார். பிறகு, “போன்தான் வேலைன்னு நானா நெனைச்சுக்கிட்டேம்மா” என்றார். அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். எத்தனை மேலதிகாரிகள் சொல்வார்கள்?

அன்று சாயங்காலம் பூவத்துக்குச் சைக்கிளில் திரும்பினேன். மற்ற நாட்களில் பின்னால் பஸ் வந்தால் தெரியாது என்பதால் மண்ணோரமாகவே பயந்து பயந்து மிதிப்பேன். ஸ்ட்ரைக்கில் கோட்டுச்சேரி தாண்டியதும் சாலை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. நான் நட்டநடுச் சாலையில் ஏறினேன். சின்ன வயசில் காதால் கேட்டு மனப்பாடமாகியிருந்த ஒரு நடவுப் பாட்டு வாயில் வந்தது. எந்தச் சுருதியில் பாடினேனோ, எவ்வளவு சத்தமாகப் பாடினேனோ தெரியாது. வயலில் நின்ற இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அவர்களுக்கும் கையை ஆட்டிவிட்டுப் பாடிக்கொண்டே போனேன். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் ஊரில் பார்த்தவர்களெல்லாம் என்னிடம், “பாண்டிச்சேரியோட பேசினியாமே!” என்றுதான் கேட்டார்கள்.

அந்த அறையிலேயே வேலை செய்து, பின்னால் அதற்குப் பொறுப்பாளராகவும் ஆகி, ஓய்வு பெற்றேன். ஒரு வேலை எனக்கு ஆகாது என்று யாராவது அன்பாகவே சொன்னாலும்கூட, இப்போதெல்லாம் நான் உடனே தலையாட்டிவிடுவதில்லை. அது நடக்கும் இடத்துக்குப் போய் நின்று, என் கண்ணால் ஒரு தடவை பார்த்த பிறகுதான் நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.